பேரிக்காய்த் தட்டுக்கு அடியில்

தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, மேடம். உங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதே கவனித்தேன். குளிரில் கிடந்த தக்காளி வாயில் போட்டால் மாவு மாதிரி இருக்கும், வாசனையும் போய்விடும். காம்புப் பக்கம் கீழே இருக்கிற மாதிரி கவிழ்த்து, ஒன்றையொன்று தொடாமல் வெளியிலேயே வைத்தால் ஐந்து நாள் தாங்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் முப்பத்தொரு வருஷம் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு, எதிரில் ஒருவர் சாப்பிடும்போது சும்மா இருக்க வராது.

முதலிலிருந்தே சொல்கிறேன். அதுதான் உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதி.

எங்கள் ஹோட்டல் நூற்றைம்பது வருஷத்துக் கட்டடம். மாடிப்படியில் இருபத்திரண்டு மரப்படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி முனகும். யார் இறங்கி வருகிறார்கள் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். பின்னால் இரண்டு ஏக்கர் தோட்டம். காலையில் பறித்தது மதியம் தட்டில், இதுதான் வாசல் பலகையில் எழுதியிருக்கும் வாசகம். வெறும் விளம்பரமில்லை, உண்மை. பட்டாணி, பீட்ரூட், கீரை, பேரிக்காய், தேன், குளத்து மீன், எல்லாம் எங்களுடையது. ஏழு சுற்றுச் சாப்பாடு. பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க மூன்று மணியாகும்.

எங்களிடம் ஒரு பழைய விதி உண்டு. கட்டடத்தைக் கட்டிய பெரிய முதலாளி ஒருநாள் நாற்பது பேருக்கு விருந்து வைத்தாராம். பாதிச் சாப்பாட்டில் ஏதோ கெட்ட செய்தி வந்து, எல்லாரும் எழுந்து ஓடிவிட்டார்கள். சமைத்தது அத்தனையும் ஆறிப்போனது. மனுஷனுக்குச் செய்தியை விடச் சாப்பாடு ஆறினதுதான் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டு ஹாலுக்குள் செய்தி நுழையக் கூடாது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே உள்ள பேன்ட்ரியில் ஒரு தொலைபேசி இருக்கிறது. விருந்தாளிக்கு ஏதாவது வந்தால் மஞ்சள் சீட்டில் எழுதி, மடித்து, கடைசி இனிப்புத் தட்டுக்கு அடியில் வைத்துவிடுவோம். சாப்பிட்டு முடித்து, தட்டைத் தூக்கினால் செய்தி. வாங்கிக்கொண்டவர் சீட்டில் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்தக் காலத்துப் பழக்கம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் அதில் ஒரு குஷி. சிலர் வேண்டுமென்றே வீட்டில் சொல்லிவைத்துச் சீட்டு வரவழைத்துக்கொள்வார்கள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது விதிப்படிதான். சீட்டு எழுதினேன், மடித்தேன், பேரிக்காய்த் தட்டுக்கு அடியில் வைத்தேன். இவ்வளவுதான் நடந்தது என்று நேற்று சொன்னேன். இன்றும் அதில் பொய் ஒன்றுமில்லை.

சாப்பிட வந்தவர் எங்கள் பழைய மேனேஜர். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மணிக்கூண்டு. நிமிஷம் தப்பாமல் வருவார், தலை நிமிர்ந்து நிற்பார், உள்ளே ஈரம் கிடையாது. கடைசியாகச் சொன்னதில் மற்றவர்களுக்கு உடன்பாடில்லை. அவர் நல்லவர் என்று சொல்கிறவர்கள்தான் ஜாஸ்தி. உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இப்போது ஹோட்டலில் புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு உள்ளூரிலேயே விடுமுறை. இரண்டு ராத்திரி தங்கல், தோட்டத்துச் சாப்பாடு, வந்தவுடன் செல்போனைத் துணிப்பையில் போட்டு வரவேற்பு மேசையில் ஒப்படைத்துவிட வேண்டும். தன் வீட்டுக் கூரை தெரிகிற தூரத்தில் போய்ப் படுத்துக்கொண்டு ஊரை விட்டு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதற்குத்தான் இத்தனை ஏற்பாடு. மணிக்கூண்டின் மகள் அவருக்கு அதைப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்தாள். "முப்பது வருஷம் ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் சாவி எடுத்துக் குடுத்தீங்கப்பா. ஒரு தடவை நீங்க வாங்குங்க" என்றாளாம். சனிக்கிழமை சாவியை வாங்கும்போது அவர் என்னிடம் சொன்னார். கண் கலங்கியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அந்தப் பெண்ணை நாங்கள் பட்டாணி என்று கூப்பிடுவோம். அவளுக்கு நாலு வயதிருக்கும்போது அம்மா போய்விட்டாள். பள்ளிக்கூடம் விட்டால் நேராக ஹோட்டல் தோட்டத்துக்கு வந்து, பட்டாணிப் பாத்திக்குள் உட்கார்ந்து உரித்து உரித்துத் தின்பாள். என்னை மாமா என்பாள். என் மனைவிதான் அவளுக்குத் தலை பின்னிவிடுவாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. இப்போது முப்பத்திரண்டு வயது, பள்ளிக்கூட டீச்சர், அப்பாவுடன்தான் இருக்கிறாள். இருந்தாள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு. பூப்பூக்கிற மாதத்தில் எங்கள் தோட்டத்துப் பக்கம் தலைகாட்ட மாட்டாள், மூச்சு வாங்கிவிடும். அதனால்தான் அப்பாவைத் தனியாக அனுப்பினாள். அந்த மனுஷனோ, எங்கே போனாலும் சட்டைப்பையில் ஒரு இன்ஹேலர் வைத்திருப்பார். மகள் கூட இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இருக்கும். உட்காரும்போது குத்துகிறது என்று எடுத்து மேசைமேல் வைப்பார், கண்ணாடிக்கூட்டுக்குப் பக்கத்தில். முப்பது வருஷமாக அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையும் ரொட்டித் தட்டுக்கு இடது பக்கம் வைத்தார். நான் அதைக் கொஞ்சம் நகர்த்தி வெண்ணெய்க் கிண்ணத்துக்கு இடம் பண்ணினேன்.

என் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் உங்களுக்கு நியாயம் புரியும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஹோட்டலின் ஆண்டு விழா. அதுவும் மதியச் சாப்பாடுதான். முதலாளி குடும்பம் முழுக்க வந்திருந்தது. பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவன், புதுக் கேப்டன் யார் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்வதாக இருந்தார்கள். நானும் இன்னொருத்தனும் போட்டி. ஒரு துளி சிந்தாமல், ஒரு தட்டு மாறாமல் நான் பரிமாறினேன். அந்த நேரத்தில் என் மனைவி கடைத்தெருவில் வண்டி மோதி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கிருந்து ஹோட்டலுக்குப் பேசியிருக்கிறார்கள். மணிக்கூண்டுதான் எடுத்தார், மஞ்சள் சீட்டில் எழுதினார். நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. இரண்டரை வரைக்கும் நினைவோடு இருந்தாள் என்றும், கதவு திறக்கும்போதெல்லாம் நான்தானா என்று பார்த்தாள் என்றும் நர்ஸ் சொன்னாள். நர்ஸ் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றைக்கு என்னைக் கேப்டன் ஆக்கினார்கள். பித்தளை வில்லை. மறுவாரம் சட்டையில் குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அதற்குப் பிறகும் பதினேழு வருஷம் அந்த ஆளுக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன், மேடம். பத்து மணிக்குக் காபி, நாலு மணிக்குக் காபி, இரண்டும் என் கையால். ஒருநாள்கூட முகத்தில் காட்டிக்கொண்டதில்லை. அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சில நாள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார், பரிதாபப்படுகிற மாதிரி. அந்தப் பார்வைக்காகவே அவர்மேல் கொதிக்கிற பாத்திரத்தைக் கவிழ்க்கலாமா என்று தோன்றும். என் வீட்டுக் கதவை என் மனைவி திறக்காத ஒவ்வொரு சாயங்காலமும் அவரை நினைத்தேன். அவர் மகளுக்குப் பரிசு கிடைத்தது, மகள் பட்டம் வாங்கினாள், மகள் வேலைக்குப் போனாள் என்று ஒவ்வொன்றுக்கும் எங்களுக்கு இனிப்பு வரும். வாங்கித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

கெடுதல் செய்யத் திட்டம் போட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை. சனிக்கிழமை அவர் மாடியேறிப் போகும்போதுகூட ஒன்றும் இல்லை. தலையணை இரண்டு போதுமா என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது சுற்று, பட்டாணி சூப். ஒரு கரண்டி வாயில் வைத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம பட்டாணிக்கு இது உயிராச்சே. கொஞ்சம் பாத்திரத்துல போட்டுத் தர முடியுமா கேப்டன்? சாயங்காலம் ஓடிப் போய்க் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார். தருகிறேன் என்றேன். பேன்ட்ரிக்குத் திரும்பியபோது தொலைபேசி அடித்தது. மணி ஒன்று ஐந்து.

அந்த எண் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். "மாமா, நான்தான். அப்பாகிட்ட சொல்லுங்க. இழுப்பு வந்துடுச்சு, என்னோடது காலி. டிராயர்ல இருந்ததையும் அப்பா எடுத்துட்டுப் போயிட்டார் போல" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு விசில் அடித்தது. கடை எல்லாம் மூடியிருக்கிற நாள். அவள் வீடு ஹோட்டலிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிஷம், வண்டியில் நாலு.

"சொல்றேம்மா" என்றேன்.

சீட்டை எடுத்து எழுதினேன். யார், எத்தனை மணிக்கு, என்ன செய்தி. என் கையெழுத்து அழகாக இருக்கும், நீங்களே பார்த்தீர்கள். எழுதி முடித்து மடித்தபோது கையில் ஒரு நிம்மதி வந்தது. மடிப்பை நகத்தால் தேய்த்தேன். விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே. எனக்கு வந்த சீட்டும் சாப்பாடு முடிகிற வரைக்கும் காத்திருந்தது. இவருக்கு வந்ததும் காத்திருக்கட்டும். இவ்வளவுதான் நினைத்தேன். ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும், வாய் ருசித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் என்ன நடந்தது என்று பிறகு தெரிந்துகொள்ளட்டும்.

மூன்றாவது சுற்று முடிந்ததும் விருந்தாளிகளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போவது வழக்கம். அவரவர் கீரையை அவரவரே கிள்ளிக்கொள்ள வேண்டும். கையில் ஒரு சின்னக் கூடை. அவருக்கு எல்லாப் பாத்தியும் தெரியும், ஐந்து நிமிஷத்தில் முடித்திருக்கலாம். நான்தான் புதிதாகப் போட்ட தேன்பெட்டிகளைக் காட்டினேன். குளத்தில் மீன் குஞ்சு விட்டதைக் காட்டினேன். பேரிக்காய் மரத்தில் ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். "நீ இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை" என்று சிரித்தார். மகள் படிக்கிற காலத்தில் எந்த மரத்தடியில் உட்காருவாள் என்று என்னிடமே காட்டினார். அவர் தோட்டத்துக்குப் போனபோது இன்ஹேலர் மேசைமேலேயே இருந்தது. யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று அதன்மேல் துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் போனேன். விருந்தாளியின் பொருளுக்கு நாங்கள்தான் பொறுப்பு.

பேன்ட்ரியில் தட்டு துடைக்கிற அக்கா உங்களிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள். ஒன்று இருபதுக்கு, நாங்கள் தோட்டத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால், தொலைபேசி இன்னொரு தடவை அடித்தது என்று. நேற்று நான் மறுத்தேன். அந்த அக்கா பொய் சொல்கிறவள் இல்லை. அடித்தது. நான்தான் எடுத்தேன். அக்காவைக் கண்ணாடிக் கோப்பை எடுத்துவர அனுப்பினேன், ஆனால் அவள் கதவுக்கு அந்தப் பக்கம் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பட்டாணியால் சரியாகப் பேச முடியவில்லை. "மாமா, அப்பா... வர்றாரா? ஆம்புலன்ஸுக்குப் பேசிடவா?" என்றாள்.

அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிழைத்திருப்பாள். அவர் பேரிக்காய் தின்று முடித்து, சீட்டைப் படித்து, ஓடிப் போய், படுக்கையில் அவள் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பார். எனக்கு அது போதவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்கே அது தெரிந்தது.

"வேண்டாம்மா. அப்பா கிளம்பிட்டார், வண்டி வாசலைத் தாண்டிடுச்சு. நீ கதவைத் திறந்து வெச்சுட்டு, வாசல்கிட்ட நாற்காலி போட்டு உக்காரு. யார்கிட்டேயும் பேசாதே, பேசினா இன்னும் மூச்சு வாங்கும்" என்றேன்.

"சரி மாமா" என்றாள்.

எப்போதும் சொன்ன பேச்சு கேட்கிற பெண். கதவு திறந்திருந்தது என்றும், காலில் செருப்போடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தாள் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகத் தயாராக இருந்திருக்கிறாள்.

ஒன்று நாற்பதுக்குத் தோட்டத்திலிருந்து வந்து கையைக் கழுவும்போது மூன்றாவது தடவை அடித்தது. எடுத்தேன். பேச்சு இல்லை. விசில் சத்தம் மட்டும், அதுவும் விட்டு விட்டு. அது நிற்கும் வரைக்கும் வைக்காமல் கேட்டேன். தொடர்பை முதலில் துண்டிப்பது மரியாதையில்லை என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு மீன் கொண்டுபோனேன். பாலாடைக்கட்டி கொண்டுபோனேன். அவர் கிள்ளிவந்த கீரையை அவருக்கே எலுமிச்சை பிழிந்து பரிமாறினேன். நன்றாகச் சாப்பிட்டார். இரண்டு நாற்பதுக்குப் பேரிக்காய். தேனில் வேகவைத்தது, முழுப் பழம், காம்போடு. அவர் தின்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பத்தொன்பது வருஷத்தில் எனக்கு அவ்வளவு நிறைவாக ஒரு மதியம் இருந்ததில்லை. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, சந்தோஷமாக இருந்தது.

தட்டைத் தூக்கினேன். மஞ்சள் சீட்டைப் பார்த்ததும் சிரித்தார். மகள் விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பார், விருந்தாளிகள் செய்கிற மாதிரி. கண்ணாடியைப் போட்டார், படித்தார், நேரத்தைப் பார்த்தார். பிறகு துணியை விலக்கி இன்ஹேலரைக் கையில் எடுத்தார். கையெழுத்துப் போடவில்லை. அவர் வாழ்க்கையில் கையெழுத்தில்லாமல் விட்ட சீட்டு அது ஒன்றுதான்.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். "உங்க விதிதானே சார்" என்று சொல்ல வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அதே பரிதாபப் பார்வை. "அன்னிக்கு நான் உன்கிட்ட வந்து சொன்னேனேப்பா" என்றார். ஓடிவிட்டார். அறுபத்திரண்டு வயதில் அப்படி ஓடி நான் யாரையும் பார்த்ததில்லை. வண்டி எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த வார்த்தையில் எனக்குத் தகராறு இல்லை. தெரிந்துதான் செய்தேன், இரண்டாவது தடவை தொலைபேசியை எடுத்தபோது நன்றாகத் தெரிந்து செய்தேன். எனக்கு நடந்ததை அவருக்கு நடத்திக் காட்டினேன். அவர் என் சீட்டைப் பிடித்துவைத்தார், நான் அவர் சீட்டைப் பிடித்துவைத்தேன். என் பக்கத்தில் இருக்கிற ஒரே நியாயம் அது. அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.

என் பணப்பையில் இருந்ததை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். தெரிகிறது. பழைய மஞ்சள் சீட்டு, மடிப்பில் கிழியப் பார்க்கும், மெதுவாகப் பிரியுங்கள். பத்தொன்பது வருஷமாக அதை உடம்போடு வைத்திருந்தேன், அவர் செய்ததற்குச் சாட்சியாக. பிரித்துப் பார்க்க மனசு வந்ததில்லை. அவர் எழுதியதுதான். ஆஸ்பத்திரி பெயர், என் மனைவி பெயர், பன்னிரண்டு ஐம்பது.

கீழே இருக்கிற கையெழுத்து என்னுடையது மாதிரித்தான் இருக்கிறது. பக்கத்தில் என்ன நேரம் போட்டிருக்கிறது? படியுங்கள், அது பொடி எழுத்து, எனக்குக் கண்ணாடி இல்லை.

பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

அது இரண்டாவது சுற்று, மேடம். பீட்ரூட். முதலாளி மேசைக்கு நான் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன், கையில் நாலு தட்டு. ஹாலுக்குள் செய்தி நுழையக் கூடாது. அப்படியிருந்தும் அவர் வந்தார், அது நினைவிருக்கிறது. "நீ போப்பா, இதை நான் பார்த்துக்கறேன்" என்று ஏதோ சொன்னார். என்னோடு போட்டியில் இருந்த இன்னொருத்தன் சுவரோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டுகளைப் பக்கத்து மேசையில் இறக்கிவைத்து, அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் தட்டுகளை எடுத்தேன். என் கையிலிருந்து அவற்றை வாங்கிக்கொள்ள அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். நான் அவரைச் சுற்றிக்கொண்டு போனேன்.